ஈ சீட்

ஜூலை 3

அக்காவுக்கு,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முதுகு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆறு வாரம் மல்லாந்தே கிடக்க வேண்டுமாம். நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பென்சிலால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கிண்டல் செய்யாதே.

திங்கட்கிழமை என் வகுப்புக்குப் போகிறாய். மூன்றாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். போன வருஷமும் என்னிடமே இருந்தவர்கள். பள்ளியிலேயே சத்தம் போடாத வகுப்பு அதுதான். எச்.எம். மற்ற டீச்சர்களை அழைத்து வந்து வாசலில் நிறுத்திக் காட்டுவார். அதைக் கெடுத்துவிடாதே. லீடர் பெண் ஒருத்தி இருக்கிறாள், எல்லாரும் குட்டி டீச்சர் என்பார்கள். எதுவானாலும் அவளைக் கேள். வகுப்பில் எந்தப் பொருளையும் இடம் மாற்றாதே.

இன்னொன்று. அங்கே ஒரு நிரந்தர இடம் காலியாகிறது. நான் திரும்பும்வரை வகுப்பு இப்படியே இருந்தால் உன் பெயரைச் சிபாரிசு செய்வதாக எச்.எம். வாக்குக் கொடுத்திருக்கிறார். உனக்காக நான் கெஞ்சி வாங்கிய வாக்கு. இதையாவது கோட்டை விடாதே.

சின்னி


ஜூலை 8

சின்னிக்கு,

எழுத்து கோணவில்லை. உன் பேச்சுதான் வழக்கம்போல நேராக வந்து குத்துகிறது. வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

இருபத்திரண்டு வருஷமாக நான் லீவு டீச்சர். யாருக்காவது பிரசவம், யாருக்காவது கால் முறிவு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்கள் திரும்பியதும் ஒரு டம்ளர் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதினாலு பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. லீவு டீச்சர் உள்ளே நுழைந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெயரை மாற்றிச் சொல்வார்கள். "எங்க மிஸ் இந்த நேரத்துல விளையாட விடுவாங்க" என்று முப்பது பேரும் ஒரே குரலில் புளுகுவார்கள். ஒண்ணுக்குப் போகிறேன் என்று போனவன் மணியடித்த பிறகுதான் திரும்புவான். முதல் வாரம் போர்க்களம், இரண்டாம் வாரம் பேச்சுவார்த்தை, மூன்றாம் வாரம் என் மடியில் வந்து உட்காருவார்கள். அதுதான் கணக்கு.

உன் வகுப்பில் முதல் நாள் என் காலில் டஸ்டர் விழுந்தது. நான் ஒற்றைக் காலில் குதித்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, சின்னி. எட்டு வயதுப் பிள்ளைகள்!

அப்புறம்தான் மூலையைப் பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகு உடைந்த நாற்காலி. தொட்டியில் நேற்றைய வாழைப்பழத் தோல், பாதி மென்று துப்பிய ரொட்டி, பென்சில் சீவல். மேலே ஈ மொய்க்கிறது. அந்த நாற்காலியில் ஒரு பெண் குழந்தை. பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தும்மல்' என்கிறார்கள். எப்போதும் ஒழுகும் மூக்கு. நான் அவளிடம் பேசப்போனேன். உடனே பின்பெஞ்சிலிருந்து மெதுவாக "ங்ங்ங்..." என்று ஒரு சத்தம். பிறகு முன்பெஞ்சு. பிறகு வகுப்பு முழுக்க. வாயைத் திறக்காமல், என்னைப் பார்த்தபடியே, ஈ மாதிரி.

குட்டி டீச்சர் எழுந்து விளக்கம் சொன்னாள். "அது ஈ சீட் மிஸ். வாராவாரம் நாங்களே ஒருத்தரத் தேர்ந்தெடுப்போம். அதுல உக்காந்தவங்களோட யாரும் பேசக்கூடாது. மணியடிக்கிற வரைக்கும் அவங்களும் வாயத் தொறக்கக்கூடாது."

"ஒண்ணுக்கு வந்தா?"

"தொறக்கக்கூடாது மிஸ்."

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியிலிருந்து தரையில் வழிந்து முன்பெஞ்சு வரைக்கும் ஓடியது. அப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முப்பது ஜோடிக் கால்களும் ஒன்றாக மேலே தூக்கிக்கொண்டன. பழகிய மாதிரி. யாரும் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. குட்டி டீச்சர் ஒரு நோட்டோடு வந்து நின்றாள். "எழுதிக்கட்டுமா மிஸ்? இது அவளுக்கு நாலாவது தடவ."

ஆயாம்மா துடைப்பத்தோடு வந்தார். "இந்த ரூம்லேர்ந்து இன்னும் கூப்பிடலையேனு பாத்தேன்" என்றார், தினமும் பால் ஊற்றுகிறவர் பேசுகிற தொனியில்.

அன்று சாயங்காலம் சோறு இறங்கவில்லை. மூத்திர நாற்றத்தால் அல்ல. அது எனக்குப் பழக்கம். அந்தத் தூக்கிய கால்களால்.

நாற்காலியை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டேன். தொட்டியை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டேன். இது உன் வேலைதானா? இல்லை என்று எழுது.

அக்கா


ஜூலை 13

அக்கா,

என் வேலைதான். இல்லை என்று ஏன் எழுத வேண்டும்?

பக்கத்து வகுப்பில் ஸ்கேல் உடைகிறது. எதிர் வகுப்பில் காதைத் திருகி ரத்தம் வந்திருக்கிறது. நான் ஒரு பிள்ளைமேலும் கை வைத்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு ஒருத்தி உட்கார்ந்தால் அடுத்த வாரம் இன்னொருவன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மூன்று நாள் பார்த்துவிட்டு நீ எனக்கு ஒழுக்கம் சொல்கிறாய். நீ எந்த வகுப்பிலும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை அக்கா. ஆறு வாரம் நல்ல பெயர் வாங்குவது யாருக்கும் முடியும். மிச்ச வருஷத்தை உனக்குப் பின்னால் வருகிறவள் சுமப்பாள். விருந்தாளி வீட்டுக்காரியிடம் சமையலறையைப் பற்றிப் பேசக்கூடாது.

நாற்காலியை அதே இடத்தில் வை.

சின்னி


ஜூலை 21

சின்னிக்கு,

விருந்தாளி எழுதுகிறேன்.

நாற்காலியை வைக்கவில்லை. நீ சந்தோஷப்படலாம், வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. இரண்டு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்தது. என் நாற்காலியில் பசை ஊற்றியிருந்தார்கள். எழுந்தபோது சேலையின் பின்பக்கம் கிழிந்து அங்கேயே தங்கிவிட்டது. என் தண்ணீர் பாட்டிலில் எச்சில் துப்பினார்கள். பாதி குடித்த பிறகுதான் ஒருத்தன் சிரித்தான், எனக்குத் தெரிந்தது. வாய் கொப்பளித்துக் கொப்பளித்து ஈறு எரிகிறது. ஒருவன் இன்னொருத்தி முழங்கையைக் கடித்து வைத்தான்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். குரலைத் தாழ்த்திப் பேசினேன், கதையை நடுவில் நிறுத்தினேன், வாலுகளுக்குப் பொறுப்புக் கொடுத்தேன். எந்தப் பள்ளியிலும் இது பலிக்கும். இங்கே பலிக்கவில்லை. ஏன் தெரியுமா? பொறுப்புக் கொடுத்தவனிடம் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "யாரை உக்கார வைக்கலாம்?" அவர்களுக்கு வேறு விளையாட்டே தெரியவில்லை.

இதில் அந்தப் பெண்ணை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் நோட்டைப் பார்த்துவிட்டேன் சின்னி. "அடுத்த வாரம் இன்னொருவன்" என்று எழுதினாயே. நாற்பத்தாறு வாரத்தில் முப்பத்தெட்டு வாரம் அவள் பெயர்தான். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் உன் கையெழுத்து.

என் தொண்டை போய்விட்டது. எச்.எம். இரண்டு முறை வாசலில் வந்து நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை மேலதிகாரி வருகிறாராம்.

முழு வருஷம் நின்றதில்லை என்று எழுதியதை நான் மறக்க மாட்டேன். என்னை நிற்க வைக்கவில்லை, அதனால் நிற்கவில்லை.

அக்கா


ஜூலை 27

சின்னிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை காலை நான் மாடிப்படிக்குக் கீழே போனேன். நாற்காலியை நானே தூக்கி வந்தேன். தொட்டியை நானே உள்ளே இழுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதிகாரி ஒன்பதரைக்கு வருகிறார், ஒன்பது மணிக்கு ஒருவன் மேஜைமேல் நின்று ஆடுகிறான், எனக்கு நாற்பத்தேழு வயது. இவ்வளவுதான் காரணம்.

பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும் என்றுகூட விடவில்லை. நானே கை காட்டினேன். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள் என்று கேட்காதே. ஒன்றும் செய்யவில்லை. அவளைக் காட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளும் மறுக்கவில்லை. எழுந்தாள், பையை எடுத்தாள், போய் உட்கார்ந்தாள். ஒரு முறை "ங்ங்ங்" என்றது வகுப்பு. பிறகு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

நான் சொல்லப்போவது இதுதான். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. வெயிலில் நடந்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி உடம்பெல்லாம் இறங்கியது. அதிகாரி அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் நடந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எச்.எம். என் தோளைத் தட்டி, "அடுத்த மாசத்திலிருந்து நீங்க எங்க ஸ்டாஃப்" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

மத்தியானம் எல்லாரும் வெளியே சாப்பிடப் போனார்கள். எழுந்திருக்கலாம் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவள் அங்கேயே மடியில் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றின்மேல் ஐந்தாறு ஈ. ஒன்று அவள் உதட்டோரம் உட்கார்ந்திருந்தது. அவள் கையை ஆட்டவே இல்லை.

"ஏம்மா ஈ ஓட்டல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஏன் இது தெரியவில்லை என்ற ஆச்சரியம் அந்த முகத்தில்.

"நானும் ஈதான மிஸ்" என்றாள்.

பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் அந்த ஈ என் உதட்டோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவுகிறேன், என் வாயை.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

உன் கடிதத்தை நர்ஸ் என் கையில் கொடுக்கும்போதே உறை பிரித்திருந்தது. அவள் படித்தாளோ என்னவோ, அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. இனி ஒட்டி அனுப்பு.

அது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஒருத்தன் பழத்தோலை எறிந்தான். "தொட்டி பக்கத்துலயே உக்காரு, எறிய வசதியா இருக்கும்" என்றேன். விளையாட்டாகத்தான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவன் வாலைச் சுருட்டிக்கொண்டான். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்து முதல் முறையாகத் தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போனேன். ஈ என்று பெயர் வைத்தது நானல்ல, பிள்ளைகள். நோட்டு போடச் சொன்னது எச்.எம். இப்போது நாலாம் வகுப்பிலும் ஒரு நாற்காலி இருக்கிறதாம், பெருமையாகச் சொன்னார்.

சரி. தப்பாகவே இருக்கட்டும். நான் வந்ததும் நானே எடுத்துவிடுகிறேன். சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். நீ வாயைத் திறக்காதே. இருபத்திரண்டு வருஷம் அலைந்தவளுக்கு இப்போதுதான் உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கிறது. உளறினால் உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். நான் முதுகில் இரும்பு வைத்துக்கொண்டு எங்கே போவேன்?

என்னை ராட்சசி மாதிரி பார்க்காதே. இரண்டு வருஷத்தில் நான் செய்ததை நீ மூன்றே வாரத்தில் செய்துவிட்டாய்.

சின்னி


ஆகஸ்ட் 11

சின்னிக்கு,

ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறேன்.

கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உண்மைதான். அதனால்தான் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நம் வகுப்பறையிலேயே வைத்தார்கள். பெரியவர்கள் சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். எச்.எம். என்னை முன்னால் நிறுத்தி, "இந்த வகுப்பை எப்படி இவ்வளவு அமைதியா வச்சிருக்கீங்க, இவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மூலையைக் காட்டிச் சொன்னேன். தேர்தல், நோட்டு, "ங்ங்ங்", ஒண்ணுக்கு, எல்லாம். கடைசியில், "அதிகாரி வந்த அன்னிக்கு நான்தான் ஒரு குழந்தைய அங்க உக்கார வச்சேன். அவ ஒரு தப்பும் செய்யல. எனக்கு வேலை வேணும்னு செஞ்சேன்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவே கூடாது என்று வீட்டிலிருந்து சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

எல்லாரும் கொதித்து எழுவார்கள் என்று நினைத்தேன். ஓர் அப்பா, "அடிக்கலையே, அப்புறம் என்ன?" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். குட்டி டீச்சரின் அம்மா பதறி, "எம் பொண்ண உக்கார வச்சீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. அவதான் நோட்டு எழுதினா" என்றேன். "அப்பாடா" என்று மூச்சு விட்டார். பக்கத்தில் நின்றிருந்த மகள் உதவி செய்வதாக நினைத்து, "இந்த மிஸ் மட்டும் இல்லம்மா, எங்க மிஸ் இருக்கும்போதுதான் ஆரம்பிச்சோம்" என்றாள். அவ்வளவுதான். நான் மறைத்ததை அவள் ஒரே வரியில் போட்டு உடைத்துவிட்டாள். என்னை மன்னிக்க வேண்டாம்.

பின்பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. உடுத்தியிருந்தது மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. "எந்த சீட்டு டீச்சர்?" என்று கேட்டாள். நான் காட்டினேன். யார் பிள்ளை என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நனைந்த துணியைத் துவைத்தவள் அவள்தானே.

கூட்டத்தின் நடுவே நடந்து போனாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தொட்டியைத் தள்ளக்கூட இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் பார்த்தாள். எச்.எம். "எழுந்து வாங்கம்மா, இப்படி வந்து உக்காருங்க" என்று மூன்று முறை கூப்பிட்டார்.

"இருக்கட்டும். மணியடிக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை மணியடிக்க ஆள் இல்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் சின்னி. ஒவ்வொருவராக எழுந்து அவளைப் பார்க்காமல் போனார்கள். கடைசியில் ஆயாம்மா போய், கூப்பிடாமலே, தண்டவாளத் துண்டில் மணியை அடித்தார். அவள் எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே என்னை அனுப்பிவிட்டார்கள். இந்த முறை டீகூடக் கொடுக்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்கா,

பதினெட்டு நாள் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுத உட்கார்ந்தால் வசவுதான் வந்தது. நான்கு தாளைக் கிழித்தேன்.

நேற்று வேலைக்குப் போனேன், இடுப்பைச் சுற்றிப் பெல்ட் கட்டிக்கொண்டு. எச்.எம். வாசலிலேயே நிறுத்தி விளக்கக் கடிதம் கேட்டார். "லீவு டீச்சர் பொய் சொல்றாங்கனு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தார். வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்றேன். எழுதத்தான் நினைத்தேன் அக்கா. உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை.

உள்ளே நுழைந்தேன். முப்பத்தொரு பேரும் எழுந்தார்கள். சத்தமே இல்லை. நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள், தொட்டியும் இல்லை. மூலை வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு நடந்து போய் அந்த மூலையில் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நான் வந்ததே போதுமாக இருந்தது.

"இங்க வந்து உக்காரும்மா" என்றேன்.

"நீங்க வந்துட்டீங்களே மிஸ்" என்றாள்.

நீ வாந்தி எடுத்ததாக எழுதியபோது நாடகம் ஆடுகிறாய் என்று நினைத்தேன். எனக்கு வாந்தி வரவில்லை. குளித்து நாலு நாள் ஆன மாதிரி உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. குனிந்து அவளைத் தூக்கப் பார்த்தேன், பெல்ட் விடவில்லை. கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். வெகு நேரம் கழித்து அவள் ஒரு விரலை மட்டும் பிடித்தாள். பயந்து பிடித்தாளா, பிரியமாகப் பிடித்தாளா, தெரியாது.

ஆபீஸுக்குப் போய் எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நான் செய்ததை எழுதினேன், எச்.எம். நோட்டு போடச் சொன்னதையும் எழுதினேன். அவர் படித்துவிட்டு எழுத்தில் ஏதோ நாறுகிற மாதிரி தாளைத் தள்ளி வைத்தார். விசாரணை வருமாம். திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பதில் ஆள் போடுகிறார்கள். வருகிறவளுக்குக் கஷ்டம்தான்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியாது. கூட்டத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் தடுத்திருப்பேன், அதுவும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வா. அந்த சலவைக்கடைக்குப் போக வேண்டும். அன்றைக்கும் திறந்திருக்குமாம், விசாரித்துவிட்டேன். நேற்று அந்தத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். முதுகு வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ கூட நின்றால் போதும். எனக்காக எதுவும் பேசாதே. நான்தான் பேச வேண்டும்.

சின்னி